நைல் படகில் ஒன்பதாம் நம்பர் கோன்

பிப்ரவரி 11, வெள்ளி

காலையில் நல்ல குளிர். ஸ்வெட்டர், அதன்மேல் துண்டு. அஸ்வானில் படகு ஏறியபோது மணி எட்டு பத்து.

வந்த வேலை முடிந்தது. இருபது நாள் இவர்கள் மண்ணைப் பிசைந்து, சுட்டுப் பார்த்து, ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. களிமண் கம்பெனிக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். லக்ஸார் வரை பாய்மரப் படகில் போங்கள், ஒரு வாரம் ஓய்வெடுங்கள் என்று ஏற்றிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ரயிலில் போனால் அரை நாள் கூட ஆகாது.

ஃபலூக்கா என்று பெயர். ஒரு மரம், ஒரு முக்கோணப் பாய், வெயிலுக்கு ஒரு துணி, உட்கார மெத்தை. எஞ்சின் கிடையாது. ஆற்றோட்டம் வடக்கே இழுக்கிறது, காற்று வடக்கிலிருந்து வந்து முகத்தில் அடிக்கிறது. அதனால் நேராகப் போக முடியாது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை. ஒரு பனைமரத்தையே நாலு தடவை பார்த்தேன்.

படகில் நாலு பேர். நான். படகோட்டி மஹ்மூத், எல்லோரும் 'ரயீஸ்' என்கிறார்கள், தலைவர் என்று அர்த்தமாம். அவருடைய தம்பி, சமையலும் துடுப்பும். அப்புறம் யூசுப், மங்கலம்பேட்டைக்காரன்! கெய்ரோவில் அரபு படிக்கிறான். எனக்கு மொழிபெயர்க்க ஆள் தேடிய கம்பெனி, என் ஊர் விருத்தாசலத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருப்பவனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

யூசுப் ஏறியதுமே கால் நீட்டிப் படுத்துவிட்டான். "அண்ணே, சட்டைய கழட்டிப்புட்டு சும்மா கெடங்க. இதுக்குன்னே வெள்ளக்காரன் கப்பலேறி வரான்."

சும்மா கிடக்க எனக்கு வராது. தண்ணீர்ப் பானையை நகத்தால் தட்டிப் பார்த்தேன். மந்தமான சத்தம். குறைந்த சூடு. அதனால்தான் கசிகிறது, அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. சரி.

ஊரில் திங்கட்கிழமை எங்கள் பீங்கான் தொழிற்சாலைச் சூளைக்குத் தீ. இராகு காலம் கழித்து, ஒன்பது மணிக்கு மேல். நான் இல்லாமல் வைக்கும் முதல் தீ.

பிப்ரவரி 12, சனி

காலை கோம் ஓம்போ கோயில். தூண்கள், முதலைச் சாமி. யூசுப் கல்வெட்டு கல்வெட்டாக நின்றான். நான் வெளியே வந்து ஊரைப் பார்த்தேன். கரும்பு ஆலை, போஸ்ட் ஆபீஸ், கழுதைகள். பதினொரு மணிக்குப் படகு கிளம்பிவிட்டது.

போஸ்ட் ஆபீஸ் வாசலிலேயே நின்றிருக்கிறேன். சும்மா நின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பொழுது போகாமல் பெட்டியைக் குடைந்தேன். கோன் டப்பா. (கோன் என்பது விரல் நீளக் கூம்பு. ஒவ்வொரு நம்பரும் ஒவ்வொரு சூட்டில் வளையும். மூன்றை மண்ணில் நட்டு, சூளையின் பார்வைத் துளைக்கு நேரே வைப்போம். வளைந்தால் சூடு போதும், தீயை நிறுத்தி வாயை அடைக்கலாம். யூசுப்புக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.) மூடியில் என் கையெழுத்து: 12. யூசுப்புக்குக் காட்ட ஒன்றை எடுத்தேன். அடியில் அச்சு: 9.

இன்னொன்று. 9. எல்லாமே 9.

இரண்டு தகர டப்பா, ஒரே மாதிரி. நம்பர் மூடியில் மட்டும். ஊரில் பெட்டி அடுக்கும்போது இரண்டையும் திறந்து வைத்து எண்ணினேன். வண்டி வந்துவிட்டது என்று என் மனைவி சரோஜா சத்தம் போட்டாள். மூடினேன். மூடி மாறிவிட்டது.

அப்படியானால் ஊரில் விட்டு வந்த டப்பாவில் இருப்பது 12. கிளம்பும் அன்று அந்த டப்பாவோடு சூளைக்குப் போய், மூடியை நம்பி, நானே என் கையால் மண்ணில் நட்டுவிட்டு வந்திருக்கிறேன். அடி நம்பர் மண்ணுக்குள். யாரும் பார்க்க வழியில்லை.

நம் சரக்குக்கு ஒன்பதுதான் எல்லை. பன்னிரண்டு வளையும்வரை எரித்தால் உள்ளே அடுக்கின பீங்கான் ஃப்யூஸ் கட்டை அத்தனையும் இளகி ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடும்.

அஸ்வானில் கொடுத்த ரிப்போர்ட்டும் தப்பு. அது அப்புறம்.

"திரும்பிப் போவச் சொல்லு" என்றேன் யூசுப்பிடம். ரயீஸ் காற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்ச் சேருவதற்குள் கோம் ஓம்போ ஆபீஸ் மூடிவிடும்; எட்ஃபூவில் தந்தி ஆபீஸ் உண்டு, நாளை மாலை அங்கே இருப்போம் என்றார். யூசுப் கடைசியில் ஒரு வார்த்தையைச் சேர்த்தான்: "இன்ஷா அல்லாஹ்."

பிப்ரவரி 13, ஞாயிறு

காற்று. மணல் பறக்கிறது. ரயீஸ் பாயைச் சுருட்டி, மேற்குக் கரையில் ஒரு வேலமரத்தில் கட்டிவிட்டார். டீயில் மணல், ரொட்டியில் மணல்.

இந்தக் கரையில் வெறும் வயல், அதற்குப் பின்னால் பாலை. ரயில் பாதை எதிர்க்கரை. ஒரு ரயில் போனது, புகை மட்டும் தெரிந்தது.

படகுக்கு நீளம் என் காலால் பதினெட்டு அடி வைப்பு. இன்று எத்தனை தடவை நடந்தேன் என்று எண்ணவில்லை. தம்பி சமையல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார், என் கால் படாத இடம் தேடி.

யூசுப்: "அங்க பாத்துக்க ஆளே இல்லியாண்ணே?"

இருக்கிறான். கலியபெருமாள். கருவேப்பிலங்குறிச்சி. எங்கள் ஃபயர்மேன், என் வயது. தினக்கூலி. இந்தச் சூளை நன்றாக வந்தால் பர்மனெண்ட் ஆர்டர் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். (இனி க.பெ.)

"அப்ப அவரே பாத்துக்குவாரு."

பார்த்துக்கொள்வான், நான் விட்டிருந்தால். க.பெ. எப்போதும் சொல்வது: "கோனு எதுக்குங்க சார்? தீ மஞ்சள்ளேந்து வெளுக்கும் பாருங்க, அப்ப கண்ணே சொல்லிடும்." கிளம்பும் அன்று அவனைச் சூளை வாசலில் நிறுத்தினேன். நாலு பேர் பார்க்க, கற்பூரம் ஏற்றி அணைக்கச் சொன்னேன். உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "கோனு வுழுவுற வரைக்கும் கையே வைக்க மாட்டேன் சார். சத்தியம்." அணைத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

கற்பூரம் அணைத்தவன் மீற மாட்டான். அவன் அப்பா ஒரு வரப்புத் தகராறில் அணைத்துவிட்டு, கடைசிவரை அந்த வரப்பில் கால் வைக்கவில்லையாம்.



பிப்ரவரி 14, திங்கள்

காற்று தணிந்தது. ஐந்தரைக்கே ரயீஸை எழுப்பிவிட்டேன். முனகினார், அவிழ்த்தார். இங்கே ஐந்தரை, ஊரில் ஒன்பது. தீ வைத்திருப்பார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கி, குங்குமம் தடவி, ஆளுக்கொரு கை சர்க்கரை.

நாளை ராத்திரிக்குள் முழுச் சூடு வந்துவிடும். அதற்குள் தந்தி.

கரை மாற்றிக் கரை மாற்றிப் போகிறோம். துடுப்பு நானும் பிடித்தேன். உள்ளங்கையில் கொப்புளம். தம்பி சிரிக்கிறார்.

க.பெ. ரயிலடிக்கு வந்ததை இப்போதுதான் நினைக்கிறேன். கற்பூரம் அணைத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு துணிப்பை நிறைய வறுத்த வேர்க்கடலை. "அந்த ஊர்ல என்னா கெடைக்குமோ, வழியில கொறிச்சிக்கினு போங்க சார்." வாங்கிப் பெட்டிக்கு அடியில் போட்டேன். இருபது நாளாகத் தொடவில்லை. இன்று யூசுப் கண்டுபிடித்துவிட்டான்.

"யாண்ணே, நம்மூரு மல்லாட்ட! இத வச்சிக்கினா என்னிய அந்த மொச்சக்கொட்டயத் திங்க வுட்டீங்க?"

எல்லோரும் தின்றார்கள். ரயீஸ் ஓட்டை ஆற்றில் போட்டுக்கொண்டே வந்தார். எனக்கு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

மார்கழியில் ஒரு சூளை கெட்டது. மெருகு ஏறாமல் சொரசொரவென்று வந்தது. ரிஜிஸ்டரில் நான் எழுதினேன்: 'சூடு ஏறுமுன் அடைத்தது. ஃபயர்மேன் தவறு.' அதனால்தான் க.பெ.யின் ஆர்டர் நின்றது. அதனால்தான் கற்பூரம். ஒரு வாரம் கழித்து குவார்ட்ஸ் மூட்டையை எடை போட்டபோது ஒரு பங்கு குறைந்தது. மெருகுக் கலவைக்கு நான்தான் எடை போட்டேன். குவார்ட்ஸை இரண்டு தடவை போட்டிருக்கிறேன்; அது கூடினால் மெருகு உருகாது. அன்றுதான் எகிப்துக் கடிதம் வந்திருந்தது, புத்தி அதில். க.பெ. சரியான சூட்டில்தான் அடைத்தான். தெரிந்த பிறகும் ரிஜிஸ்டரைத் திருத்தவில்லை. திருத்தினால் எகிப்துக்கு வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள்.

அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 15, செவ்வாய்

எட்ஃபூ. கரை சேர்ந்தது பதினொன்றரை. ஊரில் மணி மூன்று. குதிரை வண்டிக்காரன் கோயிலுக்குத்தான் போவேன் என்று அடம். யூசுப் அவன் தாடையைப் பிடித்துக் கெஞ்சினான்.

தந்தி ஆபீஸில் வரிசை. எழுதினது:

கோன் நம்பர் மாறிவிட்டது. வளையாது. கலியபெருமாள் கண் பார்த்து அடைக்கட்டும். பிழை என்னுடையது.

பார்த்தேன். கடைசி வரியை அடித்தேன். பின்னால் நின்றவர் அவசரப்படுத்தினார் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கிளார்க்கிடம், எப்போது போய்ச் சேரும்? தோளைக் குலுக்கினார். கெய்ரோ, பம்பாய், மெட்ராஸ், விருத்தாசலம். பதிலை லக்ஸார் ஓட்டல் விலாசத்துக்குக் கேட்டிருக்கிறேன்.

ரயிலில் லக்ஸார் போகிறேன் என்றேன்.

"போயி? ஓட்டல் வாசல்ல ஒக்காந்துகினு ரோட்ட வெறிக்கிறதுக்கு ஆத்துல வந்தா என்னாண்ணே?"

படகிலேயே ஏறினேன்.

மாலை நாலரை. ஊரில் எட்டு. தீ வெளுத்திருக்கும். க.பெ. துளையில் கண் வைத்திருப்பான். கோன் நேராக நிற்கும். அவனுக்குத் தெரியும், போதும் என்று. கற்பூரமும் தெரியும்.

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 16, புதன்

வெயில். மெல்லிய காற்று. யூசுப் சொல்கிறான், இதுதான் நல்ல நாளாம். இரண்டு கரையிலும் பச்சை, எருமைகள், துணி துவைக்கும் பெண்கள். மணிமுத்தாற்றில் இதில் கால் பங்கு தண்ணீர் ஓடினால் நாமும் படகு விடலாம் என்கிறான். தலையாட்டினேன்.

ரயீஸ் கேட்டாராம்: இவர் யாரையாவது இழந்துவிட்டாரா? பானை சுடும் அடுப்பு என்று யூசுப் சொல்லியிருக்கிறான். அதற்கு அவர், அடுப்புக்காகவா இப்படி?

இல்லை என்று சொல்லச் சொன்னேன். அதற்கு மேல் சொல்லச் சொல்லவில்லை.

நகம் கடித்துக் கட்டைவிரலில் ரத்தம்.

பிப்ரவரி 17, வியாழன்

எஸ்னா. அணையில் மதகு திறக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் சர்க்கரைப் படகு, வைக்கோல் படகு. காலையிலிருந்து மாலை வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவரில் பாசி. ரயீஸ் தூங்கினார். இந்த மனிதருக்குத் தூக்கம் எங்கிருந்து வருகிறது?

யூசுப்பிடம் மார்கழிச் சூளையைச் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று பார்த்தேன். கடலைப் பையைச் சுருட்டி என் பக்கம் வைத்தான். "மிச்சம் கொஞ்சம் இருக்குதுண்ணே. நீங்க ஒண்ணுகூடத் திங்கல."

பிப்ரவரி 18, வெள்ளி

லக்ஸார், பகல் மூன்று. பெட்டியைப் படகிலேயே விட்டுவிட்டு ஓடினேன். ஓட்டலில் தந்தி இருந்தது. மேனேஜர்:

உங்கள் தந்தி புதன் காலை கிடைத்தது. அதற்கு முன்பே, செவ்வாய் இரவு, கோன் நிற்கும்போதே கலியபெருமாள் தீயை நிறுத்தி அடைத்துவிட்டான். சத்தியம் செய்தும் மீறியதால் வேலையை விட்டு நிறுத்தியுள்ளேன். சூளை சனிக்கிழமை திறக்கும்.

இரண்டு தடவை படித்தேன். யூசுப் வாங்கிப் படித்தான்.

மீறிவிட்டான். வேலை போகும் என்று தெரியாதவன் இல்லை. என் சரக்கு பாறையாகாமல் இருக்க, தன் அப்பா செய்யாததைச் செய்திருக்கிறான்.

நான்தான் ஒரு வரியை அடித்தேன். கோனை மாற்றியது யார் என்று சொல்லாததால் அதுவும் அவன் தலையில் விழுந்திருக்கும். அந்த வரி போயிருந்தால் புதன் காலையே அவன் மறுபடி வேலையில் இருந்திருப்பான்.

சனிக்கிழமை வரை காத்திருக்கலாம். சரக்கு நன்றாக வந்தால் தானாகச் சேர்த்துக்கொள்வார்கள், நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. கவுண்டருக்குப் போகும் வழியில் இந்த யோசனை வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

தந்தி ஆபீஸ். வரிசை இல்லை. எழுதினது, அடித்தல் திருத்தல் இல்லாமல்:

டப்பா மூடியை மாற்றியது நான். கலியபெருமாள் செய்தது சரி. மார்கழிச் சூளையும் என்னால் கெட்டது, குவார்ட்ஸ் இருமுறை போட்டேன். ரிஜிஸ்டரைத் திருத்தவும். சூளை திறக்கும் முன் அவனை அழைக்கவும். அவன் கையால் திறக்கட்டும்.

கிளார்க் விரல் வைத்து எண்ணிவிட்டு ஏதோ கேட்டார்.

"என்னாவாம்?"

"ரொம்ப நீளமா இருக்குதாம். எதுனா ஒரு வரிய எடுத்துடலாமான்னு கேக்குறாரு."

வேண்டாம் என்று சொன்னேன்.