பத்து வெற்றுத்தாள்கள்

உத்திரமேரூர்
14-8-1961

அன்புள்ள வீராசாமிக்கு,

வேதகிரி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வாய்க்குத்தான் கஷ்டம். இங்கே கிளப்புக் கடைச் சாம்பாரில் பருப்பைத் தேட நிலம் அளக்கும் நம் மட்டக் கருவியைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

மில்காரர் தன் அரிசி மில்லுக்குப் போடும் சாலையை அளந்து முடித்தேன். ஏரி நிரம்பினால் வழிந்து வரும் கலங்கல் வாய்க்காலுக்குக் குறுக்கே அந்தச் சாலை போகிறது. மேல்பக்கம் நாற்பது வீட்டுச் சேரி. இப்போது பார்த்தால் வெறும் ஆறடி வாய்க்கால். ஆனால் எனக்கு அளவுகோல் பிடிக்கும் சேரிப்பெண் மார்த்தாள், அங்குள்ள மாதா கோயில் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை ஒன்றைக் காட்டினாள். "இத்தினி தூரம் ஏறிச்சி சார். புள்ளைங்கள தோள்மேல ஏத்திக்கினு நின்னோம்" என்றாள். மட்டம் வைத்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. சாலைக்கு அடியில் தண்ணீர் போக மூன்று கண் மதகு வேண்டும். குறைந்தால் சேரி மூழ்கும்.

இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் எந்த வரைபடமும் நம் அலுவலகத்தை விட்டுப் போகக் கூடாது என்பது நாம் வைத்த விதி. நான் ஊர் ஊராக அலைவதால் வேலை நிற்க வேண்டாமென்று பத்து வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு உன்னிடம் கொடுத்து வந்தேனே, அதில் ஒன்றை எடுத்து வரைந்துவிடு. கணக்கு இத்துடன் இருக்கிறது.

உன்
வேதகிரி


சென்னை
21-8-1961

அன்பு வேதகிரிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே வரைபடம் போய்விட்டது. மில்காரர் வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையப்பா. அறுவடைக்குள் சாலை வேண்டுமாம். பழைய படத்தில் வாய்க்கால் ஆறடி என்றிருந்தது, ஒரு கண் மதகு போட்டேன். உன் தாளில்தான்.

கோபித்துக்கொள்ளாதே. வெளியூரில் ஆளாளுக்கு முடிவெடுக்கிறீர்கள், இங்கே திட்டு வாங்குவது நான் ஒருவன். போன மாதம் நம் ஆள் ஏசுதாஸ் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கிணற்றையே இடம் மாற்றிவிட்டான். நீ அளந்து அனுப்பு, முடிவை என்னிடம் விடு. பெருவெள்ளம் என்ன, வருஷா வருஷமா வருகிறது?

உன் தங்கை தேவகி மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்
வீராசாமி


உத்திரமேரூர்
2-9-1961

வீராசாமி,

ஊறுகாய் வந்தது. நன்றி தேவகிக்கு, அவள் புருஷனுக்கு இல்லை.

வேலையை நிறுத்தச் சொல்லி மேஸ்திரி செங்கேணியிடம் போனேன். வரைபடத்தை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இன்னா சார் பேஜார் பண்றீங்க? நீங்களே கையெழுத்து போட்டுக்கினு, நீங்களே வாணாம்னா எப்டி?" என்றார். கூலியாட்களெல்லாம் சிரித்தார்கள். கையெழுத்து என்னுடையதுதானே.

ஒரு முளைக்குச்சி நட வேண்டுமானாலும் உனக்கு எழுதி ஒரு வாரம் காத்திருக்கிறேன். நான் பார்த்த தண்ணீர்க் கறையைவிட நீ பார்த்த பழைய படம் உனக்குப் பெரிதாகப் போய்விட்டது. என்னை நம்பாவிட்டால் எதற்கடா கூட்டாளி என்று சேர்த்தாய்? மில்காரரிடம் பேசு. வரைபடத்தைத் திரும்ப வாங்கு.

வேதகிரி


உத்திரமேரூர்
4-11-1961

வீராசாமி,

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. இதற்கும் போடாவிட்டால் போ.

நான்கு நாள் விடாமல் மழை. நேற்றுக் காலை ஏரி வழிந்தது. ஒரு கண்ணில் எவ்வளவு போகும்? புதுச்சாலை அணையாகி நின்றுவிட்டது, சேரிக்குள் இடுப்பளவு தண்ணீர். மார்த்தாள் வீட்டுச் சுவர் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அது யார் செய்த புண்ணியமோ.

சாலையை வெட்டக் கடப்பாரையை எடுக்கச் சொன்னேன். செங்கேணி தடுத்தார். "என் கையெழுத்தில் கட்டியதுதானே, என் சொல்லில் வெட்டுங்கள்" என்றேன். கூலியாள் இருசப்பனும் நானும் முதல் வெட்டு வெட்டினோம், பிறகு செங்கேணியே இறங்கினார். பத்தடி வெட்டியதும் தண்ணீர் வடிந்தது.

மாலையில் மார்த்தாள் வந்தாள். "நான்தான் கறைய காட்னேனே சார். அப்பறம் இன்னாத்துக்கு கையெழுத்து போட்டீங்க?" என்று கேட்டாள். வெற்றுத்தாளில் போட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. படித்தவன் எவனாவது அப்படிச் செய்வானா?

மில்காரர் உன்னிடம் வருவார். என்னை விலக்கிவிட்டதாகச் சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

வேதகிரி


சென்னை
9-11-1961

என் அருமை வேதகிரிக்கு,

உன் கடிதங்களைப் பிரிக்காமலே மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். பிரித்தால் பதில் எழுத வேண்டுமே. நேற்று எல்லாவற்றையும் ஒன்றாகப் படித்தேன். தப்பு என்னுடையதடா. முழுக்க என்னுடையது.

மில்காரர் வந்து கத்தினார். வெட்டியது வேதகிரி இல்லை, எங்கள் அலுவலகம் என்றேன். உன்னை நீக்கினால்தான் மேற்கொண்டு வேலை தருவேன் என்றார். வாசல் அந்தப் பக்கம் என்று காட்டிவிட்டேன். போகிற போக்கில், மதகை மட்டுமாவது சரிசெய்து கொடுத்துத் தொலையுங்கள் என்றார்.

மிச்சமிருக்கும் ஒன்பது தாளையும் அனுப்புகிறேன். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையதையும் போட்டிருக்கிறேன். இனி நீ நினைத்ததை வரை. என்னைக் கேட்க வேண்டாம். மார்த்தாள் சுவரை நம் செலவில் எழுப்பு.

உன்
வீராசாமி


உத்திரமேரூர்
15-11-1961

அன்புள்ள வீராசாமிக்கு,

மார்த்தாள் வீட்டுச் சுவர் தோளுயரம் வந்துவிட்டது. நான் மண் மிதித்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நீ பார்க்க வேண்டும்.

நீ அனுப்பிய தாள்களை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனசு நிறைந்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் நீ செய்திருப்பது நான் செய்த அதே முட்டாள்தனம். எட்டுத் தாளை அடுப்பில் போட்டேன். ஒன்பதாவதில் அடியிலிருந்த இரண்டு கையெழுத்தையும் கத்தரித்து எறிந்துவிட்டு, மூன்று கண் மதகை வரைந்து இத்துடன் அனுப்புகிறேன்.

முடிவு என்னுடையதுதான். ஆனால் நடுக்கண்ணின் அகலத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நிதானமாக உட்கார்ந்து கணக்கைப் பார். தப்பிருந்தால் வழக்கம்போல் திட்டி எழுது. சரியாக இருந்தால் உன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பி அனுப்பு. நீ போட்ட பிறகு நான் போடுகிறேன்.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று தேவகியிடம் சொல்.

உன்
வேதகிரி