தள்ளி நிற்கும் புள்ளிகள்

ஜூலை 14, செவ்வாய்

பெற்றோர் படிக்காவிட்டால் பிள்ளைக்குக் கணக்கு வராது என்கிறது என் ஆய்வு வரைபடத்தின் கோடு. தாராவிப் பிள்ளைகள் சிலர் மட்டும் நல்ல மார்க் வாங்கி அந்தக் கோட்டை விட்டுத் தள்ளி, மேலே புள்ளிகளாக நிற்கிறார்கள்.

இன்று மாட்டுங்கா கல்லூரியில் என் பிஎச்.டி. கைடு மேடம் சொன்னார்: “அந்தப் புள்ளியெல்லாம் எடுத்துடும்மா. மார்க் தப்பா ஏறியிருக்கும். கோடு அழகா வந்துடும், நானும் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டுடறேன்.”

“வீடு வீடாப் போய் மறுபடியும் பாத்துட்டேன் மேடம். மார்க் சரிதான். எடுக்க மாட்டேன்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நானும் தாராவிப் பள்ளி ஒன்றில் கணக்குப் படித்தவள்தான். அம்மா இன்னும் கைநாட்டுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்: “ஏட்டி, அந்தம்மா கையெழுத்து போட்டாச்சா?”

போடாவிட்டால் போகட்டும், வேறு கைடு தேடுவேன். கோடு வேண்டுமானால் வளைந்து கொடுக்கட்டும்.