கிளமெண்டின் வலைக்கு ஒரு கத்தி

பெப்ரவரி 12, திங்கள்

காலையில் வாடைக்காற்று, பிறகு சுள்ளென்று வெயில். கத்தி முடிந்தது. வீட்டில் எல்லோரையும் குசினிக்குக் கூப்பிட்டு, பூசணிக்காயைப் பலகையில் வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே அழுத்து. பூசணிக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தி வளைந்துவிட்டது.

ஜெசிந்தா சிரித்துச் சிரித்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மனைவி என்றால் ஒரு நிமிடமாவது அடக்கியிருக்கலாம். மகள் டிலானிதான் இரக்கப்பட்டாள். "பரவாயில்லப்பா, பட்டர் பூச வெச்சுக்கொள்ளலாம்." இரக்கம் என்று நான் நினைத்தது பிழை.

ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய பட்டை இரும்பு. கிழமைக்கணக்காக அரத்தால் ராவினேன். தோள் இன்னும் நோகிறது. டிலானியின் போனில் அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். வெள்ளைக்காரன் இங்கிலீசில் விடாமல் சொன்னது இதைத்தானாம்: ஜன்னலுக்குப் போடுகிற மெது இரும்பு கத்திக்கு ஆகாது, உருக்கு வேண்டும். நான் அவன் கையைப் பார்த்தேனே தவிர வாயைப் பார்க்கவில்லை.

ஜெ.விடம் சொல்லியிருப்பது: உனக்கு இறைச்சி வெட்ட நல்ல கத்தி ஒன்று. அவளுக்குச் சந்தோசம்.

உண்மை: கிளமெண்டின் வலையை வெட்ட. இனி இதில் அவன் கி. மட்டும். முழுப் பெயர் எழுத மை வீண்.

பெப்ரவரி 13, செவ்வாய்

ஏன் என்று ஒருமுறை எழுதிவைக்கிறேன். கோபம் ஆறப் பார்த்தால் எடுத்து வாசிக்க.

போன மாதம் கடலில் என் வலையும் கி.யின் வலையும் சிக்கின. சிக்கினால் பிந்திப் போட்டவன் அவிழ்க்க வேண்டும். அவிழவே அவிழாவிட்டால் வெட்டலாம். ஆனால் வெட்டின இடத்தில் தான் இடுப்பில் உடுத்திருக்கிற சாரத்தில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிட வேண்டும். வெட்டினது நான்தான், கரைக்கு வா, சேர்ந்து பொத்துவோம் என்று அர்த்தம். எங்கள் கரையின் முறை அது. நேவியிடம் பாஸ் காட்டிக் கடலுக்குப் போன சண்டைக் காலத்தில்கூட ஒருவரும் தவறவில்லை.

பிந்திப் போட்டவன் கி. வெட்டினவனும் கி. துண்டு இல்லை. என் வலையில் வெட்டின பக்கம் நீரோட்டத்தோடு போய்விட்டது, பாதிக்கு மேல். எனக்கு இருந்தது அந்த ஒரு வலை. இப்போது அடுத்தவன் படகில் ஆளாகப் போகிறேன். எனக்கு "நங்கூரத்தத் தூக்குங்க" என்று கட்டளை போடுகிறவனுக்கு ஞானஸ்நானத்தில் மெழுகுதிரி பிடித்த ஞானத்தகப்பன் நான்.

தேத்தண்ணிக் கடையில் எல்லோர் முன்னாலும் கி.யிடம் கேட்டேன்.

"வெட்டாம என்ன, அந்தோனியாருக்கு நேர்ந்துபோட்டு அவிழ்க்கச் சொல்லுறியா?"

"சரி, துண்டு எங்க?"

"புதுச் சாரம் சவேரி. உன்ட வலைக்காகக் கிழிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் வெட்டினதைவிட அதுதான் நெஞ்சுக்குள் முள்ளாக நிற்கிறது, நானும் சிரித்தது.

பிறகு பங்குச் சுவாமி இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கை கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

கத்தியைக் கடையில் வாங்கலாம். வாங்கினால் பாதிப் பழி கடைக்காரன் வாங்கினதாகிவிடும். கொல்லனிடம் சொல்லலாம். இந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரே பட்டறை கி.யின் மச்சானுடையது. ஆகவே நானே.

பின்னேரம் குறிஞ்சிப்பிட்டிப் பழைய இரும்புக் கடை. லொறிக்கு அடியில் பாரம் தாங்குகிற வில்லுத்தட்டில் ஒரு துண்டு வாங்கினேன்.

பெப்ரவரி 14, விபூதிப் புதன்

இதுதான் உருக்கு. அரம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஒரு பிடி பிடிக்கவில்லை. முதலில் மெதுவாக்க வேண்டுமாம். சிரட்டை நெருப்பில் சிவக்க வைத்து, சாம்பலுக்குள் புதைத்து, தானாக ஆறவிட வேண்டும். காலையில் கோயிலில் என் நெற்றிக்குச் சாம்பல். வீட்டில் கத்திக்குச் சாம்பல்.

ஜெ. கேட்டாள், "தவக்காலத்துக்கு என்ன விடப்போறீங்க?"

"சாராயம்."

"கோவத்த விடுங்களன்."

"ரெண்டையும் ஒரேயடியா விட்டா மனுசன் செத்துருவான்."

ஒருசந்தி உபவாசம், ஒரு நேரம்தான் சாப்பாடு. பசி. தேங்காய்ச்சம்பல் ஞாபகம்.

பெப்ரவரி 17, சனி

கடலுக்குப் போகவில்லை. காற்று.

உருக்குத் துண்டு மெதுவாகிவிட்டது. டிலானியின் பென்சிலால் கத்தியின் உருவம் கீறி, இரும்பு அறுக்கிற வாளால் மூலைகளை அறுத்து, மீதியை அரத்தால். அரத்தைத் தள்ளும்போதெல்லாம் கி.யின் மூக்கு என்று நினைத்துக்கொண்டால் கை அலுக்கவில்லை. பெரிய மூக்கு. வேலை ஓடியது. பிடி ஆணிக்கு இரண்டு துளை, இரவல் ட்ரில். அதன் அலகு ஒன்றை உடைத்தேன், இன்னும் சொல்லவில்லை.

ஜெ. முற்றத்தில் யாருடையதோ வலையை விரித்துப் பொத்திக்கொண்டிருந்தாள். எங்கள் வலை போனபிறகு அவள் கைதான் அடுப்பை எரிக்கிறது. கரையில் வலை கிழிந்தால் ஆட்கள் சுமந்துகொண்டு அவளிடம்தான் வருவார்கள்.

"அந்தக் கத்தியில அப்பிடி என்ன இருக்கு, ஒரு மாதிரிச் சிரிச்சுக்கொண்டு ராவுறீங்க?"

"உன்ட கத்திதானே. சந்தோசம்."

பெப்ரவரி 20, செவ்வாய்

இன்று பதம் ஏற்றின நாள். தேவைப்பட்டவை:
செங்கல், மூன்று பக்கமும் அடுக்க
சிரட்டைக்கரி, ஒரு சாக்கு
ஊதுவதற்கு டிலானியின் தலைமயிர் காயவைக்கிற மெஷின்
உடைந்த ஸ்பீக்கரில் கழற்றின காந்தம்
பால்மாத் தகரத்தில் தேங்காய் எண்ணெய்

காந்தம் ஒட்டாமல் போகிற அளவுக்குச் சிவக்க வேண்டும். சிவந்தது. குறட்டால் பிடித்து நேரே எண்ணெய்க்குள். குப்பென்று ஒரு நெருப்பு. இடது புருவம் இப்போது இல்லை. முற்றம் முழுக்க பலகாரம் சுடுகிற மணம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.

டிலானி: "மற்றப் புருவத்தையும் எடுத்தா சமமா இருக்கும்பா." பிறகு மெஷினை மணந்து பார்த்துவிட்டு என்னோடு கதைக்கவில்லை.

ஆறினபிறகு அரத்தை வைத்தேன். வழுக்கியது. கண்ணாடியில் வைத்தமாதிரி. உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன்.

பெப்ரவரி 21, புதன்

கத்தி இப்போது அளவுக்கு மிஞ்சின கடினம். கீழே விழுந்தால் உடையும். மெல்லிய சூட்டில் வைத்து இறக்க வேண்டும். கற்பிட்டியில் நௌபரின் பேக்கரி. பாண் எடுத்த பிறகு போறணை அடுப்பில் சூடு இருக்கும்.

"என்ன நானா, இது பாண்மாதிரி உப்புமா?"

"உப்பாது. இப்ப சும்மா தட்டினாலே உடையிற நிலம. கொஞ்சம் சூடு பட்டா பதத்துக்கு வரும்."

"ஆருக்கு, கத்திக்கா ஒங்களுக்கா?"

நௌபர் கெட்டிக்காரன். அவனுக்குத் தேத்தண்ணிக் கடைக் கதை தெரியும். மேலே கேட்கவில்லை. கத்தி வைக்கோல் நிறத்தில் வெளியே வந்தது. அழகு. சுடுபாண் ஒன்றும் தந்தான். வழியிலேயே முடித்துவிட்டேன், வீட்டில் சொல்லவில்லை.

பெப்ரவரி 24, சனி

பிடி பூவரசு. பித்தளை ஆணி. கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டத் தீட்டக் கத்தியின் வாய் வெளிச்சம் போட்டது. முன்கை மயிரை வழித்துப் பார்த்தேன், போனது. நைலோன் கயிறு கேள்வி கேட்காமல் இரண்டானது. என் ஆயுளில் நான் நேராகச் செய்து முடித்த ஒரே சாமான் இதுதான். நான் போட்ட கூரையைக் கேட்டால் அதுவும் அப்படித்தான் சொல்லும்.

ஜெ. கையை நீட்டினாள். "தாங்க, பாப்பம்."

"இன்னும் கொஞ்சம் வேலை கிடக்கு."

"இறைச்சி வெட்டுற கத்திக்கு இவ்வளவு வேலையா?"

கத்தியைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன். நாளைக்குக் கி.யின் வலை கரையில் காயும். பூசைக்கு ஊரே போகும்.

பெப்ரவரி 25, ஞாயிறு

வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். ஜெ. மல்லித் தண்ணீர் வைத்துத் தந்துவிட்டு டிலானியோடு பூசைக்குப் போனாள். குடித்தேன். நல்ல மல்லி.

கரையில் ஒரு ஆள் இல்லை. ஒரு நாய், அதுவும் கி.யுடையதுதான், வாலை ஆட்டியது. வலை மணலில் நீளத்துக்குக் கிடந்தது. குந்தினேன். மேல் கயிற்றில் கத்தியை வைத்தேன். சும்மா வைத்தேன், அவ்வளவுதான். போய்விட்டது. பிறகு அடுத்த இடம். பிறகு இன்னொரு இடம். கோயில் ஒலிபெருக்கியில் வாசலை மறித்து மோட்டார் சைக்கிள் விட்டவர் உடனே வந்து எடுக்கட்டாம்.

துண்டு கட்டலாமா என்று ஒரு யோசனை வந்தது. என் சாரம் பழையது, கிழித்தால் நட்டமில்லை. கட்டவில்லை. அவன் எனக்குச் செய்தது அப்படியே அவனுக்கு. நூல் பிசகவில்லை.

மத்தியானம் இரண்டு கோப்பை சோறு. ஜெ.: "வயிறு நல்லாச் சுகம்போல."

பெப்ரவரி 26, திங்கள்

கடலால் வந்தால் முற்றத்தில் கி.யின் வலை.

வேறு எங்கே போகும். எல்லா வலையும் எங்கே வருகிறதோ அங்கேதான் வரும். இவ்வளவு நாள் ராவினேன், புருவத்தைக் கொடுத்தேன், இதை மட்டும் யோசிக்கவில்லை. கி. வலையை வெட்டுவான், நான் கெடுவேன். நான் வலையை வெட்டுவேன், என் மனைவி வெயிலில் இருந்து பொத்துவாள்.

ஜெ. வெட்டின கயிற்று முனையை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். "கல்லுல பட்டதில்ல. மீன் கடிச்சதுமில்ல. கத்தி. நல்ல கத்தி." பிறகு என் முகத்தில், புருவம் இல்லாத பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அலுமாரிக்கு மேல இருக்கிறத எடுத்துத் தாங்க. நூல் அறுக்க வேணும்."

எடுத்துக் கொடுத்தேன்.

பெப்ரவரி 27, செவ்வாய்

கடலுக்குப் போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் குந்தி, வலை ஊசியில் நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. அவளுடைய சுண்டுவிரலில் நூல் அறுத்து இரத்தம். சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு பொத்துகிறாள். ஏசுவாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். பத்து மணியளவில் சொன்னாள்:

"எங்க எங்க வெட்டினதெண்டு காட்டுங்க. தேடித் தேடி நேரம் போகுது."

காட்டினேன். ஒரு இடத்தை நானே மறந்துவிட்டேன், அதை அவள் கண்டுபிடித்தாள்.

பின்னேரம் கி. வந்தான். ஜெ. கத்தியைப் பாவாடை மடிப்புக்குள் தள்ளியதை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். டிலானி தேத்தண்ணி கொடுத்தாள், குடித்து முடித்தான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு:

"சவேரி, அண்டைக்கு நான் செய்தது பிழை. துண்டு கட்டியிருக்க வேணும்."

இதைத்தானே ஒரு மாதமாகக் கேட்கக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் சொல்லியிருக்கக் கூடாதா இவன்.

"அது போகட்டும்," என்றேன்.

"நான் கடல்ல வெட்டினது அவசரத்தில. இத வெட்டினவன் கரையில, பூசை நேரத்தில, ஆறுதலா இருந்து வெட்டியிருக்கான். இவனெல்லாம் மனுசனா?"

"மனுசனில்லத்தான்."

ஜெ.யின் ஊசி ஒரு கணம் நின்று திரும்ப ஓடியது.

"ஊர் உன்னத்தான் சொல்லுது," என்றான் கி. என் தோளில் கை வைத்தான். "நான் விடல்ல. வெட்டின இடத்தப் பாருங்கடா, கண்ணாடியால அறுத்தமாதிரி, சவேரிட்ட எங்கடா இப்பிடி ஒரு கத்தி எண்டு கேட்டேன். எல்லாரும் வாய மூடிட்டாங்க."

தேத்தண்ணிக் கடையில்தான் கேட்டிருப்பான். எல்லோர் முன்னாலும். சிரித்திருப்பார்கள்.

ஜெ. தலை நிமிராமல், "அடுத்த ஊசிக்கு நூல் சுத்துங்க," என்றாள். சுற்றினேன். அவன் கை இன்னும் என் தோளில். வாய்வரைக்கும் வந்துவிட்டது, பல்லால் பிடித்து நிறுத்தினேன்: என்னட்ட இருக்குடா கிளமெண்ட், நானே செய்தது.