உலகம் என்ன புட்டு மாவா?

குற்றாலம், 18.7.1964

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் யாரையோ நாத்திகன் என்று ஏசியதாக நாகப்பட்டினம் வரை வந்த செய்தி தவறு. சண்டை கடவுளைப் பற்றியதன்று, பூமியைப் பற்றியது. உங்கள் மூட்டுவலி தணிந்ததா?

தென்காசி வாசகசாலையில் கல்லூரி ஆசிரியர் அருமைநாயகம் பேசினார். சூரியன் பிறந்த புதிதில் அதைச் சுற்றியிருந்த தூசு ஒட்டி ஒட்டிக் கல்லாகி, கற்கள் மோதிச் சேர்ந்து பூமியானதாம். "புட்டுக்குப் பிசறுத மாவு உருண்டை கட்டுதுல்லா, அது மாதிரி" என்றார். வேறொரு நட்சத்திரம் கடந்து போகையில் சூரியனிலிருந்து பிய்ந்த நெருப்புத்துண்டே பூமி என்று கான்வென்டில் படித்தவள் நான். எழுந்து, "உலகம் என்ன புட்டு மாவா?" என்றேன். சபை சிரித்தது. அவர், "அம்மா சொல்லுததும் சரியாத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு புதிய புத்தகங்களைத் தேடிப் படித்தேன். என் பாடத்தை அறிஞர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். என் நரைக்காக அவர் தோற்றுக்கொடுத்ததுதான் சுடுகிறது. நான் வார்டனாயிருக்கும் விடுதியில் புட்டு பரிமாறும் நாளில் பிள்ளைகள் சிரிப்பு வந்துவிடுமென்று என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சாரல் குளிருகிறது. என் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினால் போதுமா, அதே சபையில் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமா? என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன். டிரங்க் கால் வேண்டாம், தபாலாபீசில் எல்லோருக்கும் கேட்கும். எழுத்தில் பதில் போடுங்கள்.

தங்கை,
ஞானப்பூ