ஏலாது என்று சொன்னால்தான் அறை

அண்ணை,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. தபாலில் வந்த ஒரு கடிதத்தை மூன்று நாளாகப் பிரிட்ஜில் மரக்கறி வைக்கிற தட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். முதலில் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு மணந்தும் பார்த்தேன். ஐம்பத்திநாலு வயது ஆள் அரசாங்கக் கடிதத்தை மணந்து பார்ப்பதை நல்ல காலம் ஒருவரும் காணவில்லை. நாலாம் நாள் எடுத்தபோது கடிதம் முழுக்கக் கறிவேப்பிலை மணம். உடனே நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அரசாங்கக் கடிதத்தை ஆறவிட்டுத்தான் திறக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் நீங்கள்தானே.

டண்டினொங் என்கிற இந்த ஊரில் நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்த இந்த வீட்டைச் சப்போர்ட் வீடு என்பார்கள். குளிக்க, சமைக்க, நடமாட உதவி தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும்தான் இங்கே அறை. இந்த அறை இருக்கும்வரைக்கும்தான் இந்த வாடகைக்கு அரசாங்கத்தின் உதவியும். சட்டம் இவ்வளவுதான். அது எங்கள் தலைக்குள் ஏற ஒரு வருசத்துக்கு மேல் பிடித்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நீங்கள் எட்டு வரைக்கும் போனதாகப் பெருமை பேசுவீர்கள். அந்த மேலதிக மூன்று வருசமும் உங்களுக்குச் சந்தேகப்படத்தான் படிப்பித்திருக்கிறார்கள்.

வீட்டு மனேஜர் மனுசியை நினைத்துப் பாருங்கள். பின்னேரங்களில் பிஸ்கட் தட்டோடு வருவார். பிஸ்கட் வந்தால் அடுத்த கிழமை ஏதாவது படிவம் வரும் என்பது உங்கள் கணிப்பு. தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "முதல் நீ தின்னடா" என்பீர்கள். நான் தின்று அரை மணித்தியாலம் உயிரோடு இருந்தால் நீங்களும் ஒன்று எடுப்பீர்கள். அவர் ஒரு சின்னக் கொப்பியில் எங்களைப் பார்த்துப் பார்த்து எதையோ எழுதுவார். அது உங்களுக்குப் பிஸ்கட்டை விடப் பெரிய பயம். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான்.

அப்படி இருக்கும்போதுதான் உங்களுக்கு என்ன உதவி தேவை என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், இருவரும் மாநாடு போட்டோம். உங்கள் அறையைப் பறித்து வேறு ஆருக்கோ கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று முடிவெடுத்தீர்கள். நல்ல குடியிருப்பாளர், ஒரு கரைச்சலும் இல்லாத மனிசன் என்று காட்டினால் பறிக்கமாட்டார்கள் என்றும் நீங்களே சொன்னீர்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு ஆள் வந்தால் நாங்கள் வேறெப்படி நடப்போம்?

உங்கள் நடைவண்டியை என் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்தோம். குளியலறைக்குள் நீங்கள் இருந்து குளிக்கிற பிளாஸ்டிக் கதிரையைக் கராஜுக்குள் தள்ளினேன். மருந்துப் பெட்டி அரிசி வாளிக்குள் போனது. உங்களுக்கு முகம் வழித்து, வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டு, பட்டன் எல்லாம் பூட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை மாதிரி இருக்கிறனோ" என்று கேட்டீர்கள். மாப்பிள்ளையின் பேரன் மாதிரி என்றேன். அந்தப் பொய்யைச் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டீர்கள்.

வந்தது ஒரு சின்ன வயதுப் பெண் பிள்ளை. சமைப்பீர்களா என்று கேட்க, நான் கறி அடைத்துப் பொரித்த பற்றிஸைக் காட்டினீர்கள். உடுப்பு நீங்களே போடுவீர்களா என்று கேட்க, நான் பூட்டிய பட்டனைத் தடவினீர்கள். குளிப்பு? ஒரு பிரச்சினையும் இல்லை. என்னுடைய உடைந்த இங்கிலீசில் எல்லாவற்றுக்கும் 'வெரி குட்' என்று நான் வேறு சேர்த்துவிட்டேன். அவர் மூன்று பற்றிஸ் சாப்பிட்டு, வீட்டைப் புகழ்ந்துவிட்டுப் போனார். வென்றுவிட்டோம் என்று இருவரும் தேத்தண்ணி குடித்தோம்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. உங்களுக்கு உதவி ஒன்றும் தேவைப்படவில்லை, நல்ல சந்தோசம், ஆகவே இந்த வீட்டில் உங்களுக்கு அறை இல்லை, சாதாரண வாடகை வீடு பார்க்கவும். தனியாக எழும்பி நிற்க ஏலாத ஆளுக்குத் தனி வீடு.

நீங்கள் கடிதத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தீர்கள்.

"உனக்கு என்ரை அறையிலை கண் எண்டு எனக்குத் தெரியும். வெயில் விழுற அறை. நீதானே அவளோடை இங்கிலீசிலை கதைச்சனி?"

வழக்கம்போல ஏதாவது பகிடி விட்டிருப்பேன். அன்றைக்குக் கடிதத்தை மடித்துத் திரும்ப உறைக்குள் போட்டேன். நாலு நாள் உங்கள் கதவு உள்ளே பூட்டியிருந்தது. நாலு நாளும் நீங்கள் குளிக்கவில்லை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் நான். முதுகு சரியில்லாத எனக்குக் குனியத்தான் ஏலாதே தவிர, நின்று செய்கிற வேலை செய்வேன்.

மனேஜர் மனுசிதான் மறுபரிசீலனைக்கு எழுதிப்போட்டார். அந்தச் சின்னக் கொப்பியில் நீங்கள் விழுந்த நாட்கள் எல்லாம் இருந்தன. அதையும் சேர்த்து அனுப்பினார். திரும்ப ஆள் வரும், இம்முறை உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். நீங்களோ, "நான் விழ விழ ஏன் இவள் எழுதினவள்?" என்று கதவுக்கு உள்ளே இருந்து கேட்டீர்கள். நானும் யோசித்தேன். இன்றைக்கும் கொஞ்சம் யோசிக்கிறேன்.

திரும்பவும் அதே பிள்ளை வந்தார். நீங்களும் அதே வெள்ளைச் சேட்டைத்தான் கேட்டீர்கள். கொடுத்தேன், ஆனால் பட்டன் பூட்டவில்லை. அதிகாரி கேள்வி கேட்கக் கேட்க, நீங்கள் மேல் பட்டனைப் பிடித்தபடி இருந்தீர்கள். விரல் ஓட்டைக்குக் கிட்டப் போகும், பிறகு விலகும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். எழுந்து பூட்டிவிட நினைத்தேன். இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"பிள்ளை, என்னாலை ஏலாது," என்றீர்கள். "பட்டனும் ஏலாது, குளிக்கவும் ஏலாது. இவன் தண்ணி வார்க்காட்டி நான் நாறிப்போவன்."

அதை இங்கிலீசில் சொல்ல வேண்டியவன் நான். 'ஹீ கான்ட்.' இரண்டு சொல்தான், அதிகாரியின் பேனையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். அன்று பின்னேரம் கதவைத் திறந்து, "இப்ப உனக்குச் சந்தோசமோ?" என்று கேட்டீர்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, நாளைக்கு வெள்ளனக் குளிக்கவேண்டும் என்றீர்கள். அறை உங்களுக்கே கிடைத்தது. கடைசிக் காலையிலும் உங்கள் கட்டிலில் அந்த வெயில் விழுந்திருந்தது. உங்களை நான்தான் முதலில் கண்டேன்.

இப்போது என் முறை. பிரிட்ஜுக்குள் இருந்த கடிதம் எனக்கு என்ன உதவி தேவை என்று பார்க்க ஆள் வருவதாகச் சொன்னது. வருகிற கடிதம், சிரிக்கிற அதிகாரி, தட்டில் வருகிற பிஸ்கட், எல்லாவற்றையும் உங்கள் கண்ணால்தான் பார்க்கிறேன். அந்தச் சொத்து முழுவதையும் எனக்கே விட்டுப் போய்விட்டீர்கள். கூடவே அந்த ஒரு சொல்லையும். ஏலாது என்பதுதான் எனக்குத் தெரிந்த சொற்களில் ஆகப் பாரமானது. கோழித் தொழிற்சாலையில் பத்து வருசம் பெட்டி தூக்கினேன், எல்லாப் பெட்டியும் அதைவிட இலேசு. முந்தாநாள் என்னையறியாமல் தும்புத்தடியை எடுத்து வீடு கூட்டத் தொடங்கிவிட்டேன். பாதியில் உங்கள் ஞாபகம் வந்து, கூட்டின குப்பையை அப்படியே விட்டேன்.

நேற்றுக் காலை அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட ஒரு மனுசன். சிரித்துக்கொண்டுதான் வந்தார், கவனித்தேன். தேத்தண்ணி கொடுத்தேன், பற்றிஸ் கொடுக்கவில்லை. குனிய ஏலாது, காலுறை போட ஏலாது, விழுந்ததை எடுக்க ஏலாது என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது பேனை நழுவி என் காலடிக்கு உருண்டு வந்தது. வீட்டுக்கு வந்த மனிசன். நான் குனிந்து எடுத்து அவரிடம் நீட்டினேன். பிறகு நிமிர முடியவில்லை. இரண்டு கையையும் ஊன்றிக் கார்ப்பெட்டில் இறங்கிவிட்டேன். அவரும் கதிரையை விட்டு இறங்கி எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். இன்னும் பதினொரு கேள்வி மிச்சம் இருந்தது.