நெல்லிக்காய்க்குக் கைதட்டிய நாள்

இன்று சுசீந்திரத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கையில் கூடைக்காரம்மா ஒருத்தி நெல்லிக்காயைக் கீறி, உப்பு தடவிக் கொடுத்தாள். கடித்ததும் உன் நினைவுதான் வந்தது. இந்தப் புளிப்பை உன்னைப்போல் திட்டியவர் யாருமில்லை.

உன் ஆய்வகத்துக்கு நான் வந்தது செய்திக்காக. பள்ளித் தோழி என்பதால் சாயாவும் கிடைத்தது. தலைமுடியைவிட மெல்லிய கரி இழையை, கிண்ணத்தில் உயிரோடிருந்த செல்களின் அருகே நிறுத்தியிருந்தாய். செல் வெளிவிடும் டோபமின் என்ற வேதிப்பொருள் இழையின் நுனியில் பட்டால் எலக்ட்ரான்களை இழக்கும், அந்த மின்னோட்டம் திரையில் மேடாக எழும் என்றாய். மூளையில் டோபமின் குறைந்து உன் அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் இந்த வேலையில் இறங்கியிருந்தாய். தேங்காய்ப்பட்டணத்தில் மீன் விற்ற அவர் தினமும் போனில் கேட்பார்: "வலையில பட்டுதா மக்களே?"

அன்று பெரிய மேடு எழுந்தது. "ஏட்டி, பாத்தியா!" என்று கத்தினாய். மாணவர்கள் கைதட்டினார்கள். நான் பேனாவைத் திறந்தேன். அம்மாவை அழைக்கப் போனை எடுத்தவள், கீழே வைத்துவிட்டாய்.

"பொறு மக்கா. இது அதுதானா, வேற எதுவுமான்னு பாக்கணும்."

செல்லே இல்லாத இன்னொரு கிண்ணத்தில் அதே கரைசலை ஊற்றி இழையை இறக்கினாய். அங்கேயும் அதே மேடு. டோபமின் கெடாமலிருக்கக் கரைசலில் சேர்த்திருந்த, நெல்லிக்காயில் நிறைந்திருக்கும் அதே வைட்டமின் சி! அதுவும் ஏறக்குறைய அதே மின்னழுத்தத்தில் எலக்ட்ரான் இழக்குமாம்.

"நெல்லிக்காய்க்கில்லா கைதட்டியிருக்கோம்!" என்று சிரித்தாய். கண்கள் சிரிக்கவில்லை.

அன்று மாலையும் அம்மா கேட்டார்.

"நெய்மீனுன்னு நெனச்சேன்மா. பாசி."

"பாசியா? வலைய அலசிட்டு நாளைக்கும் போடு."

அலசினாய், மாதக்கணக்கில். இழையின் மேல் எதிர்மின் (நெகட்டிவ்) சுமையுள்ள மெல்லிய பூச்சு கொடுத்தாய். அதே சுமை கொண்ட வைட்டமின் சியை அது விலக்கியது, டோபமினை உள்ளே விட்டது. செல் இல்லாத கிண்ணத்தில் கோடு படுத்தே கிடந்தது. செல்கள் இருந்த கிண்ணத்தில், அவற்றைத் தூண்டியதும், சின்னஞ்சிறு மேடு.

"இத எழுது," என்றாய்.

உள்பக்கத்தில் வந்த அந்தச் செய்தியில் மேட்டின் படத்தைப் பார்த்த அம்மா, "இம்புட்டுதானா?" என்றார்.

"இம்புட்டுதான். ஆனா இது அதுதாம்மா."

போன வருடம் உன் மரணச் செய்தி போனில் வந்தபோது, பழக்கத்தில் நானும் கேட்டேன்: "அவதானா, வேற யாருமா?" எத்தனையோ முறை கேட்ட கேள்விதான். அன்று மட்டும், வேறு யாராகவோ இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையோடு கேட்டேன். நீதான் என்றார்கள்.

"அக்கா, பெரிய செய்தி!" என்று இளைய நிருபர்கள் இன்றும் ஓடிவருகிறார்கள்.

"செல் இல்லாத கிண்ணத்துல பாத்தியா மக்கா?" என்கிறேன்.

அவர்களுக்குப் புரிவதில்லை. ஆனாலும் திரும்பிப் போய் இன்னொரு முறை விசாரிக்கிறார்கள்.