போத்தலின் அடியில் கிடந்த மருந்து

என் அருமை மச்சாள் செல்லம்,

நீ ஊரைவிட்டுப் போன பிறகு எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை. அதனால் கடிதத்திலே கதைக்கிறேன். உன் மருமகன் ராசன் நல்ல சுகம். நேற்று மாமரத்தில் ஏறிக் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தான். அடிக்கக் கை ஓங்கினேன், சிரிப்பு வந்துவிட்டது.

அவனுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலை மறப்பேனா? ஆசுப்பத்திரி அப்போதிக்கரி ஐயா தந்த மருந்துப் போத்தலில், ஒரு வேளைக்கு இவ்வளவு என்று வெட்டிய காகிதம் ஒட்டியிருந்தது. சண்டிலிப்பாயில் என் அப்பு செக்கு வைத்திருந்தவர். நல்லெண்ணெயைத் தெளியவிட்டு, மண்டி கலங்காமல் மேலால் வார்ப்பதுதான் நான் பழகிய சுத்தம். மருந்தையும் அப்படியே வார்த்தேன்.

மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. சத்தெல்லாம் அடியில்தான் என்று நினைத்து, தடித்துக் கிடந்ததை முழுக்கக் கிண்ணத்தில் வழித்தேன். அந்த நேரம் நீ வந்து பறித்தாய். ஆசுப்பத்திரியில் வேலை பார்த்தவள் அல்லவா நீ.

"இதைக் குடுத்தால் அவ்வளவு நாள் மருந்தும் ஒரேயடியாய்ப் பிள்ளையின்ரை வயித்துக்கை போகும். ஒவ்வொருக்காலும் குலுக்கியெல்லோ வார்க்கோணும், மச்சாள்."

வெயிலில் நடந்து புதுப் போத்தல் வாங்கி வந்தவளும் நீதான். மாமி கேட்டபோது, பழையது கவிழ்ந்துவிட்டது என்று கூசாமல் சொன்னாய். ஊர்ப் பெண்களுக்கு இதை எடுத்துச் சொன்னபோதெல்லாம், கொடிகாமத்தில் யாரோ ஒருத்தி செய்தாள் என்றாய். ஒரு இரகசியமும் வாயில் தங்காத நீ, இதை மட்டும் எப்படிக் காத்தாய்?

போன கிழமை அடுத்த வளவுப் பூரணம், மருந்தைத் தெளியவிட்டுத் தன் குழந்தைக்கு வார்க்கப் போனாள். நானும் கொடிகாமத்துக்காரியின் கதையைச் சொன்னேன். அது ஆரோ புத்தி கெட்ட விசரி என்று சிரித்துவிட்டு, குலுக்காமலே சரித்தாள். பக்கத்தில் மாமி இருந்தார். இருந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த விசரி நான்தான், பூரணம். என்ரை ராசனுக்குத்தான் குடுக்கப் பாத்தனான்."

அவள் போத்தலை மூடிக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். மாமி என்னை ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவரோ, தானும் உன் அண்ணனுக்கு அப்படித்தான் வார்த்ததாகச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இத்தனை வருடம் நாங்கள் யாருக்குப் பயந்தோம், மச்சாள்?

நீ காத்த என் மானத்தை நானே போட்டுடைத்தேன், கோபிக்காதே. இனிமேல் பிள்ளைக்கு மருந்து வார்க்கும் எந்தத் தாயிடமும் என் பெயரைச் சொல்லியே இதைச் சொல்வேன். பூரணத்தின் குழந்தை இன்று காலை முற்றத்தில் தவழ்ந்தது.

உன் அண்ணன் பெண்சாதி,
என்றும் உன் மச்சாள்,
அன்னம்